தும்மல் கழுதையும் எங்கள் அண்ணியும்

என் அண்ணியைக் கழுதை என்று சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. நாத்தனார் என்ற முறையில் வந்த உரிமை இல்லை இது. கழுதையாக இருப்பது அவருடைய வேலை. தினமும் காலையில் குளித்து, தலைவாரி, வெந்நீர்க் குடுவையைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்துப் போய், கழுதையாக இருந்துவிட்டு மதியத்துக்கு மேல் வீடு திரும்புகிறார்.

சாதாரணக் கழுதை என்று நினைத்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் போனில் பார்க்கும் தும்மல் கழுதை. உடம்பு நீல நிறம், ஒரு காது மடிந்திருக்கும், சந்தோஷம் வந்தால் தும்மும். அதுவும் பல் தெரியத் தும்மும். அந்தத் தும்மல், சிரிப்பு, பாட்டு, கொஞ்சல் எல்லாமே எங்கள் அண்ணியின் தொண்டையிலிருந்து வருபவை. கழுதையை வரைகிறவர்கள் எங்கேயோ உட்கார்ந்து வரைகிறார்கள். அதற்கு உயிர் கொடுப்பது இவர்தான்.

அந்தக் குரல் லேசில் வந்துவிடாது. நுனிக்காலில் நிற்க வேண்டும், இடது கன்னத்தை உப்பிக்கொள்ள வேண்டும், கழுத்தை முன்னால் நீட்ட வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கழுதை. உட்கார்ந்து பேசினால் ஆடு மாதிரி இருக்கிறது என்று ஒலிப்பதிவாளர் நிறுத்திவிடுவாராம். வளையல் போடக் கூடாது, சரசரக்கும் துணி உடுத்தக் கூடாது, காகிதத்தைப் புரட்டினால் அந்தச் சத்தத்தையும் மைக் பிடித்துக்கொள்ளும். பிழைப்புக்காக மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். எங்கள் அண்ணி ஒரு கண்ணாடி அறைக்குள் வளையல் இல்லாத கையோடு நுனிக்காலில் நின்று தும்முகிறார்.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மனைவியின் தொழிலில் அவருக்கு அலாதிப் பெருமை. லிஃப்டில் ஏறுகிறவர்களிடம் "என் வைஃப் கழுதைங்க" என்று தானாகவே ஆரம்பிப்பார். அவர்கள் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுவார்கள்.

இவர்களுக்கு ஒரே பிள்ளை, நாலு வயது. வீட்டில் மேனேஜர் என்று கூப்பிடுவோம். காலையில் கண் விழித்ததும் சோபாவில் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பான். "அப்பா செருப்பு போடு. அத்தை பால் கொண்டா." அம்மாவுக்கு மட்டும் எந்த உத்தரவும் வராது. போன் வேண்டும் என்றால் அது என்னிடம் இருக்கும், கழுதை வேண்டும் என்றால் அது போனில் இருக்கும். அம்மா எதற்கு?

அவன் கையில் போனை முதன்முதலில் கொடுத்தது யார் என்ற விசாரணை எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. மூன்று பேருமே நிரபராதிகள். எப்படியோ, மழலையர் பள்ளி விட்டு வந்ததும் போனோடு சோபாவில் அமர்ந்தால் மேனேஜரை அசைக்க முடியாது. வாய் பாதி திறந்திருக்கும், கண் கொட்டாது. வாயில் ஊட்டியது ரொட்டியா ரப்பரா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் பார்சல் அலுவலகத்தில் காலை ஷிஃப்ட் முடித்து வந்து அவன் பக்கத்தில் தூங்கி எழுந்திருப்பேன். அப்போதும் கழுதை ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் அண்ணி வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "கண்ணா, அம்மா வந்துட்டேன்" என்றார். அதே நேரத்தில் போனுக்குள்ளிருந்து கழுதை, "என் செல்ல நண்பா, பக்கத்துல வா" என்றது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கூப்பிட்டார்கள். பிள்ளை கழுதையிடம் போனான். போனின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு, "வந்துட்டேன்" என்றான்.

ஒவ்வொரு கதையும் முடியும்போது கழுதை இன்னொன்றும் சொல்லும். "எங்கயும் போயிடாதீங்க, அடுத்த கதை இதோ வருது." அண்ணி அதை அப்படி உருகிச் சொன்னதைக் கேட்டு இயக்குநர் கைதட்டினாராம். கைதட்டாமல் என்ன செய்வார்? ஊரில் இருக்கிற பிள்ளைகள் ஒருவரும் எழுந்து போகவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளையும்தான்.

குழந்தை மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "போனைக் குறைங்க, நல்லா ஓடி விளையாட விடுங்க" என்றார். சொல்வது சுலபம். அண்ணன் போனைத் துணி அலமாரியின் உச்சியில் ஒளித்தார். மேனேஜர் முக்காலி மேல் தலையணை, தலையணை மேல் அகராதி என்று அடுக்கி ஏறி எடுத்துவிட்டான். அந்த வாரத்தில் அவன் செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான். மரக்கட்டைகள் வாங்கிக் கொடுத்தோம். அவற்றை அழகாக அடுக்கிப் போனைச் சாய்த்துவைக்க ஒரு தாங்கி கட்டினான். அண்ணி தரையில் உட்கார்ந்து பந்தை உருட்டிவிட்டார். அது சோபாவுக்கு அடியில் போய் ஓய்வெடுத்தது. யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

"அம்மாதான்டா அந்தக் கழுதை" என்று அண்ணன் ஒருமுறை உண்மையைச் சொல்லியும் பார்த்தார். மேனேஜர் அம்மாவின் காதுகளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான். மறுபடியும் போனுக்குப் போய்விட்டான்.

அன்று சமையலறையில் அண்ணி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

"என் குரல்தான்டி அது. அதுகிட்ட ஓடறான், என்கிட்ட வரமாட்டேங்கறான். என்னை நானே எப்படிடி ஜெயிக்கறது?"

எனக்கு எதற்கெடுத்தாலும் கேலி வரும். அன்று வரவில்லை. குழாயை மூடிவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். பிறகு வாய் சும்மா இருக்காமல், "ஜெயிக்க வேணாம் அண்ணி, அந்தக் குரல்லயே கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றேன். "அதுவும் அவனுக்குத் தெரியாம."

சில நாளில் சந்தர்ப்பம் தானாக வாய்த்தது. மதியம் மின்சாரம் போய்விட்டது, போனிலும் சார்ஜ் இல்லை. அண்ணி வேலையிலிருந்து வந்ததை அவன் கவனிக்கவில்லை. மேனேஜர் கறுத்துப்போன திரையைத் தட்டித் தட்டிப் பார்த்து, உலகமே முடிந்துவிட்டது போல் உதட்டைப் பிதுக்கினான். அழுகை ஆரம்பமாகப் போகிற அந்த நொடியில் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் வந்தது. பல் தெரியத் தும்முகிற அதே தும்மல்.

"நண்பா, நான் வெளிய வந்துட்டேன். எங்க இருக்கேன்னு கண்டுபிடி பாப்போம்."

மேனேஜர் எழுந்தான். சோபாவிலிருந்து, தானாக, இரண்டு காலால். குளியலறைக்கு ஓடினான். அதற்குள் நான் நடுவில் புகுந்து, "ஐயோ, பால்கனியில ஏதோ நீலமா தெரிஞ்சுதே" என்றேன். அவன் பால்கனிக்குத் திரும்ப, அண்ணி நுனிக்காலிலேயே ஓடிப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய்த் தும்மினார். பையன் படுக்கையறைக்குப் பறந்தான். நான் மறுபடியும் பொய் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு பொய்யை அவ்வளவு சந்தோஷமாக நான் சொன்னதில்லை.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கழுதை, கட்டிலுக்கு அடியில் கழுதை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் கழுதை. தினமும் மதியம் அண்ணி பின்பக்கப் படிவழியாகத் திருடி மாதிரி உள்ளே வருவார். கழுதை விளையாடி முடித்ததும் மறுபடியும் பின்பக்கமாக இறங்கிப் போய், தெருவைச் சுற்றிவந்து, வாசல் மணியை அடித்து, "அம்மா வந்துட்டேன்" என்று அம்மாவாக நுழைவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் சேர்ந்துகொண்டார். கட்டிலுக்கு அடியில் புகுந்தவரால் வெளியே வர முடியவில்லை. நானும் அண்ணியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தோம். லிஃப்டில் மாட்டியவர்களை விடுவிக்கிறவர் நிலைமை அப்படி ஆயிற்று.

மேனேஜருக்கு நெற்றியெல்லாம் வியர்வை, முட்டியில் சிராய்ப்பு, சட்டைப்பையில் எங்கிருந்தோ வந்த கூழாங்கல். சாப்பாட்டைத் தானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இரவு படுத்தால் குப்புற விழுந்து காலையில்தான் அசைவான். போன் பாவம், முழு சார்ஜோடு மேசையில் அநாதையாகக் கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் ஏதோ பெரிய போரில் வென்றவர்கள் மாதிரி வீட்டுக்குள் நடமாடினோம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது மேனேஜர் அம்மாவிடம் பரிதாபமாகச் சொன்னான். "நீ ஏம்மா தினமும் லேட்டா வர? கழுதை வருது, என்கூட விளையாடுது, அப்புறம் போயிடுது. நீ ஒருநாள்கூட பாக்கல. ஒரே ஒருநாள் சீக்கிரம் வா, காட்டறேன்."

அண்ணியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மதியம் முழுக்க ஓடி ஓடி அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் அதைத் தடவிக்கொண்டே, "சரிடா கண்ணா, வரேன்" என்றார்.

பாத்திரம் துலக்கும்போது நான் சொன்னேன். "நேரா போய் நான்தான்னு சொல்லிடுங்க அண்ணி."

"சொன்னா கழுதை போயிடும். அம்மாகூட விளையாட அவன் வருவான்னு என்ன நிச்சயம்? வரலைன்னா பழையபடி போனுக்குப் போயிடுவான். எனக்கு அந்த தைரியம் இல்லடி."

ஆனால் சொல்லத் தேவையே இல்லாமல் போனது. அடுத்த நாள் மேனேஜர் தன் புகழைப் பரப்பியிருக்கிறான். எதிர்வீடு, மேல்வீடு என்று ஒரு பட்டாளமே கழுதை பார்க்க வந்துவிட்டது. ஒரு பிள்ளையைத் திசைதிருப்பலாம், படையை எப்படித் திசைதிருப்புவது? நான் பால்கனி என்று கத்தினேன், பாதிப்பேர்தான் போனார்கள். மீதிப்பேர் துணி அலமாரியின் கதவைத் திறந்துவிட்டார்கள்.

உள்ளே அண்ணனின் சட்டைகளுக்கு நடுவே அண்ணி. நுனிக்கால், உப்பிய கன்னம், நீட்டிய கழுத்து. தும்மல் பாதி வழியில் இருந்தது. நிறுத்த முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளின் முன்னாலும் முழுசாகத் தும்மி முடித்தார்.

மேனேஜர் அம்மாவின் வாயைப் பார்த்தான், கன்னத்தைப் பார்த்தான், அலமாரிக்குள் எட்டிப் பார்த்தான். கழுதை இல்லை. அவன் முகத்தில் கணக்கு ஓடுவது எனக்கே தெரிந்தது. பிறகு விடையைச் சொன்னான்.

"அம்மா கழுதையை முழுங்கிட்டா."

அவ்வளவுதான். பட்டாளம் அலறிக்கொண்டு கலைந்தது. கொஞ்ச நேரத்தில் மேல்வீட்டு அம்மா வந்து, "எதையோ முழுங்கிட்டீங்களாமே, டாக்டர்கிட்ட போனீங்களா?" என்று கவலையாகக் கேட்டார். மேனேஜர் தேம்பித் தேம்பி அழுதபடி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"துப்பும்மா. பாவம்மா. துப்பிடு."

அண்ணியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான். பசியோடு இருந்த வயிறு, கடமுடா என்றது. "உள்ள அழுவுது" என்று அவன் இன்னும் பெரிதாக அழுதான். எனக்குச் சிரிப்பை அடக்கியதில் விலா வலித்தது. அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, எது எதென்று தெரியவில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்தார். விஷயத்தைக் கேட்டார். சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இதுக்கா அழற? உள்ள மாட்டிக்கிட்டவங்களைக் கதவைத் திறந்து வெளிய எடுக்கறதுதானே அப்பாவோட வேலை" என்றார். மேனேஜர் அழுகையை நிறுத்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், அப்பாவின் ஸ்பேனர் பையைத் தரதரவென்று இழுத்துவந்து அம்மாவின் காலடியில் வைத்தான்.

"திற."

நாங்கள் சிரித்ததில் அவனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அன்றிரவு அம்மா பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று என்னிடம் வந்துவிட்டான். அம்மா வாயைத் திறந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அண்ணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் சிரித்ததெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கழுதையிடமிருந்து பிள்ளையை மீட்கப் போய், பிள்ளைக்கே பூதமாகிவிட்டார்.

மறுநாள் நான் லீவு போட்டேன். இயக்குநரிடம் சொல்லிவைத்து, மேனேஜரைத் தூக்கிக்கொண்டு அண்ணியின் வேலையிடத்துக்கே போனேன். கருவிகள் நிறைந்த குளிர்ந்த அறை அது. ஒரு பக்கம் ஒலிப்பதிவாளரின் மேசை நிறையப் பொத்தான்கள், நடுவில் கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் மைக். மேலே திரை. திரையில் கழுதை வந்தது.

மேனேஜர் என் மடியில் துள்ளினான். "வெளிய வந்துடுச்சு."

கழுதை வாயைத் திறந்தது. திறந்து திறந்து மூடியது. சத்தமே இல்லை. தலையை ஆட்டியது, காதை மடித்தது, வாய் மட்டும் சும்மா அசைந்தது. குரல் இன்னும் சேர்க்காத படம் அப்படித்தான் இருக்கும்.

"அத்தை, அதுக்கு என்ன ஆச்சு?"

கண்ணாடிக்குப் பின்னால் அண்ணி வந்து நின்றார். வளையல் இல்லை. எங்களைப் பார்க்கப் பயந்து திரையையே பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. நுனிக்காலில் எழும்பினார், கன்னம் உப்பியது, கழுத்து நீண்டது. திரையில் கழுதை பேச ஆரம்பித்தது.

மேனேஜரின் தலை திரைக்கும் கண்ணாடிக்கும் மாறி மாறித் திரும்பியது. அம்மா தும்மினால் கழுதை தும்மியது. அம்மா நிறுத்தினால் கழுதை ஊமையானது.

"கழுதைக்குப் பேசத் தெரியாதா?"

"தெரியாதுடா. அம்மாதான் அதுக்காகப் பேசறாங்க."

"பாவம்" என்றான். கழுதையைச் சொன்னானா, அம்மாவைச் சொன்னானா தெரியவில்லை.

கதை முடிகிற இடம் வந்தது. "எங்கயும் போயிடாதீங்க" என்று அண்ணி உருக ஆரம்பித்தார். கண்ணாடிக்கு உள்ளே இருப்பவரோடு பேச மேசையில் ஒரு பொத்தான் உண்டு. ஒலிப்பதிவாளர் அதை அழுத்துவதை மேனேஜர் இவ்வளவு நேரம் கவனித்திருக்கிறான். குனிந்து அழுத்தினான்.

"அம்மா, போதும். வா, வீட்டுக்குப் போய் விளையாடலாம்."

அண்ணியின் குதிகால் தரையில் இறங்கியது. கழுதை வாயைத் திறந்தபடி நின்றது. ஒலிப்பதிவாளர் சிரித்ததில் காதிலிருந்து ஹெட்ஃபோன் நழுவிவிட்டது.

கடைசி வரியை மாற்றி "போய் விளையாடுங்க" என்று முடிக்கலாமே என்று அண்ணி இயக்குநரிடம் கேட்டுப் பார்த்தார். அவர் தலையைச் சொறிந்தார், முதலாளியைக் கேட்டார், முதலாளி முடியாது என்றுவிட்டார். அந்த ஆளை எனக்கு இன்றுவரை பிடிக்காது. வரி அப்படியேதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போதும் போன் உண்டு, தினமும் ஒரு கதை உண்டு. கழுதை "எங்கயும் போயிடாதீங்க" என்று சொன்னதும், "அம்மா, நீ சும்மாதான சொல்ற?" என்று கேட்டுவிட்டு மேனேஜர் போனைக் கவிழ்த்துவிடுவான்.

அன்று அண்ணியின் வேலையிடத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். அம்மாவைத் தொடவில்லை, ஆனால் தள்ளியும் போகவில்லை. கொஞ்ச தூரம் போனதும் விசாரணையை ஆரம்பித்தான்.

"அப்ப பாத்ரூம்ல?"

"நான்தான்."

"வாஷிங் மெஷின்கிட்ட?"

"நான்தான்டா."

"மொட்டைமாடில? மழை வந்துச்சே, அப்ப?"

"அப்பவும் நான்தான்."

அவன் விரலை மடித்து ஏதோ யோசித்தான். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"அப்ப நீ சீக்கிரமே வந்துட்டியா?"

அண்ணி தலையை ஆட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எனக்குக் கண்ணில் தூசி விழவில்லை. அழுதேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மேனேஜர் செருப்பை உதறிவிட்டு ஓடினான். "இன்னிக்கு நான் ஒளிஞ்சுக்கறேன். நீ வா." ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றான். கால் இரண்டும் வெளியே தெரிந்தன. அண்ணி பையைக் கீழே வைத்தார். பழக்க தோஷம், நுனிக்காலில் எழும்பினார், கன்னம் உப்பிவிட்டது.

"நண்பா" என்று ஆரம்பித்தார்.

திரைக்குள்ளிருந்து அதட்டல் வந்தது. "அந்தக் குரல் வேணாம். அது ஆபீசுக்கு. நீ கூப்பிடு."

அண்ணி குதிகாலை இறக்கினார். கன்னத்தில் இருந்த காற்றை விட்டார். கழுதைக்கும் நரிக்கும் இளவரசிக்கும் பேசிச் சம்பாதித்த அந்தத் தொண்டையில் சொந்தக் குரல் உடனே அகப்படவில்லை.

"கண்ணா" என்றார். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. "அம்மா வந்துட்டேன்."

கண்டுபிடிக்கும்வரை ஒளிந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆட்டத்தின் விதி. மேனேஜரால் இருக்க முடியவில்லை. திரையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, அம்மாவின் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான்.